இரண்டாம் தரப்பு கேட்காதவராகக் கருதப்படுவார்

வணிகச் சட்டம் படித்தால் நூறு விதமான வேலைக்குப் போகலாம் என்று அந்தக் கல்லூரியின் முன்சுவரில் எழுதியிருந்தது. சும்மா எழுதவில்லை. ஒன்று முதல் நூறு வரை எண் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் வேறு. வங்கியின் சட்ட அலுவலர், கம்பெனிச் செயலர், காப்பீட்டு ஆலோசகர், கப்பல் சரக்கு வழக்கறிஞர், வர்த்தக முத்திரை நிபுணர் என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. தொண்ணூறைத் தாண்டியதும் ஓவியருக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது. தொண்ணூற்று நான்கிலிருந்து நூறு வரை ஒரே ஆளுக்கு மேல்கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு முடித்திருந்தார்.

பெரியவள் அந்தச் சுவரை ஒன்பது வருஷம் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவள். லாரி எடைமேடையில் எழுத்தர் வேலை. வண்டி ஏறும், முள் நிற்கும், இவள் எடையை எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். ஓட்டுநர்கள் அந்தச் சீட்டின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சரக்கில் ஏதாவது சேதம் என்றால் கம்பெனி வக்கீல் காரில் வந்து இறங்கி, அந்தப் பின்பக்கத்தை ராகம் போட்டு வாசிப்பார். அவ்வளவுதான், ஆறடி ஆள் அப்படியே அடங்கிப்போவான். இந்த ஓட்டுநர் பக்கம் நின்று வாசிக்க ஒருத்தர் வேண்டாமா என்று பெரியவளுக்கு வயிறு எரியும். அந்த ஒருத்தர் தானாகவே இருந்தால் என்ன என்றும் தோன்றும்.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். தங்கையைச் சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம், அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். ஒரு நாளைக்கு நானூறு காலர். ஊரிலுள்ளவன் கழுத்துக்கெல்லாம் தைத்துத் தைத்து, அவள் கழுத்து இடதுபக்கம் திரும்புவதை நிறுத்தி ஒரு வருஷமாகியிருந்தது. இடதுபக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் முழு ஆளாகத் திரும்புவாள்.

"நீ படி, அக்கா. ரெண்டு வருஷம்தானே, வீட்டை நான் பாத்துக்கறேன்," என்றாள் சின்னவள். "உனக்கு வேலை கிடைச்ச அன்னிக்கு நான் மிஷினை விட்டு எந்திரிச்சுடுவேன். சரியா?"

"சரிடி," என்றாள் பெரியவள். ஒன்பது வருஷத்து நிரந்தர வேலையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இந்தக் கதையில் எத்தனையோ ஒப்பந்தங்கள் வரும். எழுத்தில் இல்லாதது அக்கா தங்கை செய்துகொண்ட இது ஒன்றுதான். சொன்னபடி நடந்ததும் இது ஒன்றுதான், அதுவும் தங்கை பக்கத்திலிருந்து மட்டும்.

சேர்க்கை அறையில் ஓர் அலுவலர் இருந்தார். மேஜையில் 'சேர்க்கை' என்று ஒரு பலகை. பதினான்கு பக்க ஃபாரத்தை நீட்டி, பக்கத்துக்கு ஒரு கையெழுத்து என்றார்.

"சார், கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டு…" என்று இழுத்தாள் பெரியவள்.

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பரிவோடு பார்த்தார். "படிக்கத்தானேம்மா இங்க சேர்றீங்க? இதைப் படிச்சுப் புரிஞ்சுக்கறவங்களா இருந்தா எதுக்குச் சேரணும்? வெளிய பாருங்க, எத்தனை பேர் நிக்கறாங்க."

நியாயமாகத்தான் பட்டது. பதினான்கு கையெழுத்தும் போட்டாள்.

முதல் வகுப்புக்கு வந்தவரை மாணவர்கள் நிபந்தனை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். அவர் நல்வரவு கூடச் சொல்லவில்லை. "சேர்க்கை ஃபாரத்தை முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டவங்க கை தூக்குங்க," என்றார். நாற்பது பேரில் ஒரு கை கூட எழவில்லை. "ரொம்ப நல்லது. படிக்காமக் கையெழுத்துப் போடக் கூடாது, இது முதல் பாடம். போட்ட பிறகு ஒண்ணும் பண்ண முடியாது, இது ரெண்டாவது பாடம். மிச்ச ரெண்டு வருஷமும் இந்த ரெண்டோட விளக்கம்தான்." எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவளும் தட்டினாள். என்ன ஒரு வாத்தியார் என்று வீட்டுக்கு வந்து தங்கையிடம் சிலாகித்தாள் கூட!

அந்தக் கல்லூரியில் ஒப்பந்தம் இல்லாமல் எதுவும் நடக்காது. வருகைப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் பெயரைக் கூப்பிடுவது முன்மொழிவு. மாணவர் 'உள்ளேன்' என்பது ஏற்பு. இரண்டும் சேர்ந்தால்தான் அன்றைக்கு நீங்கள் வந்ததாகக் கணக்கு. ஒருநாள் பெரியவள் மூச்சு வாங்க ஓடிவந்து, "உள்ளேன் சார், பஸ் கிடைக்கல," என்று சொல்லிவிட்டாள். நிபந்தனை வாத்தியார் பேனாவை மூடிவைத்தார். "ஏற்போட கூட ஒரு விஷயத்தைச் சேர்த்துட்டீங்க. இது எதிர்மொழிவு. இதை நான் ஏத்துக்கணும்னு கட்டாயமில்ல," என்றார். அவர் எதிரிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தும் அன்றைக்கு அவள் வரவில்லை.

உணவகத்தில் தேநீர் வாங்கினால் கூடவே ஒரு துண்டுச்சீட்டு வரும். 'தேநீர் என்பது நிர்வாகம் அவ்வப்போது முடிவு செய்யும் சூடான அல்லது சூடாக இருந்த திரவத்தைக் குறிக்கும்.' வாயில் வைத்துவிட்டுக் குறை சொல்ல முடியாது, வைத்ததே ஒப்புதல். வைக்காமல் குறை சொல்லவும் முடியாது, குடிக்காதவருக்கு என்ன தெரியும்?

குடை விவகாரம் அதற்கு மேல். ஒரு மழைநாளில் இரண்டு மாணவர்கள் குடை மாறிப்போய், ஒருவர் குடையை இன்னொருவர் எடுத்துவிட்டார். வெளியே வந்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்ளப் போனார்கள். விடுவார்களா? நிபந்தனை வாத்தியார் ஓடிவந்து தடுத்து, இரண்டு குடையையும் பறிமுதல் செய்து, மூன்று பேர் கொண்ட நடுவர் குழுவை அமைத்தார். குடை என்பதற்கு வரையறை எழுதவே ஒரு பருவம் போனது. விரித்தால்தான் குடையா, மடித்தாலும் குடையா என்று இரண்டு தரப்பும் நாற்பது பக்கம் தாக்கல் செய்தன. மறுவருஷ மழையில் அந்த இருவரும் நனைந்துகொண்டே விசாரணைக்கு வந்தார்கள். அதற்குள் அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. இப்போதுதான் வழக்கு முறையாக இருக்கிறது என்று வாத்தியார் திருப்திப்பட்டார்.

இதையெல்லாம் பார்த்தும் பெரியவளுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்தவளுக்குச் சந்தேகப்பட வசதி ஏது? காலையில் தங்கை முழு ஆளாகத் திரும்பி, "போயிட்டு வாக்கா," என்பதைப் பார்த்துவிட்டு வருகிறவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள்.

இரண்டாம் வருஷத்தில் ஷரத்து எழுதும் போட்டி வந்தது. முதல் பரிசு தங்க மெடல். கேள்வி இதுதான்: 'முதல் தரப்பு ஒன்றைத் தருவதாகச் சொல்லி இரண்டாம் தரப்பை வரவழைத்திருக்கிறது. தராமல் போனாலும் இரண்டாம் தரப்பு எதுவும் செய்ய முடியாதவாறு ஒரு ஷரத்து எழுதுக.'

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள் பெரியவள். சின்னவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் ரெண்டாம் தரப்பு. வச்சுக்கோ," என்றாள் உற்சாகமாக. "நீ தர்றேன்னு சொன்னியா இல்லையா?"

"சொல்லப்பட்டிருந்தாலும் சொல்லப்பட்டதாகக் கருதப்படாது," என்று எழுதிக்கொண்டே படித்தாள் பெரியவள்.

"என் காதால கேட்டேனே!"

பெரியவள் பென்சிலைக் கடித்தாள். "இரண்டாம் தரப்பு தம் காதாலேயே கேட்டிருந்தாலும் கேட்காதவராகவே கருதப்படுவார்."

"ஊருக்கே தெரியற மாதிரி பெரிசா எழுதி வேற வச்சிருந்தியே?"

"அவ்வாறு எழுதப்பட்டிருப்பின் அது எழுத்தாகக் கருதப்படாமல் அலங்காரமாகவே கருதப்படும்."

"அப்ப நான் உக்காந்து அழுவேன்."

"அழுகை புகாராகக் கருதப்படாது."

"அடிப்பாவி!" சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாருக்கா அந்த ரெண்டாம் தரப்பு? நல்லா மாட்டினான் போ!"

"யாருமில்லடி. கேள்வித்தாள்ல வர்ற ஆளு."

ஒன்பது வருஷம் எடைமேடையில் எத்தனை பேர் எத்தனை விதமாக நழுவுவதைப் பார்த்தவள்! ஒரு சந்து விடவில்லை. சின்னவள் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கத்தை ஒரு வாக்கியத்தால் அடைத்தாள். மெடல் அவளுக்குத்தான் என்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. நிபந்தனை வாத்தியார் அந்தத் தாளை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது குரல் தழுதழுத்தது. "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஷரத்தை நான் பார்த்ததில்ல. இதுல மாட்டினவன் மூச்சு விடக் கூட நம்மகிட்ட அனுமதி கேட்கணும்," என்றார். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டமளிப்பு விழாவில் நிறுவனர் பேசினார். பட்டு அங்கி, கையில் எழுதி வைத்த தாள்.

"மாணவச் செல்வங்களே! நம்பிக்கை இருக்கும் இடத்தில் ஒப்பந்தம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சரியான கேள்வி. அதனால்தான் நம் வளாகத்துக்குள் நம்பிக்கையை நாம் அனுமதிப்பதே இல்லை. என் சொந்த மகனிடமே பதினாறு பக்கம் எழுதி வாங்கியிருக்கிறேன். அவனும் என்னிடம் இருபது பக்கம் வாங்கியிருக்கிறான். எவ்வளவு பெருமை ஒரு தகப்பனுக்கு! இங்கே படித்த நாற்பது பேருக்கும் வேலை உறுதி என்று நான் சொல்கிறேன். அதை நீங்கள் கேட்கிறீர்கள். சட்டம் படித்தவர்கள், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை."

பலத்த கைதட்டல். 'சொல்கிறேன், கேட்கிறீர்கள்' என்றது பெரியவளுக்கு எங்கேயோ லேசாக இடித்தது. மெடலை அப்போதுதான் கழுத்தில் மாட்டினார்கள், அதனால் விட்டுவிட்டாள்.

மறுநாள் வேலைவாய்ப்பு அறைக்குப் போனாள். அதே சேர்க்கை அறைதான், அதே அலுவலர்தான். பலகையை மட்டும் திருப்பி வைத்திருந்தார். பின்பக்கத்தில் 'வேலைவாய்ப்பு' என்று இருந்தது.

"சார், வெளிச் சுவத்துல நூறு வேலைன்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு," என்று ஒப்புக்கொண்டார்.

"அதுல எனக்கு எது கிடைக்கும்? கப்பல் சரக்கு, இல்லேன்னா லாரிச் சரக்கு, ஏதாவது…"

"ஒரு நிமிஷம்மா." புதிதாக அச்சடித்த ஃபாரம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "ஷரத்து முப்பத்தொண்ணு. வாசிக்கிறேன் கேளுங்க. கேட்டாலும் கேட்காதவராத்தான் கருதப்படுவீங்க, இருந்தாலும் மரியாதைக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "கல்லூரியால் எது சொல்லப்பட்டிருந்தாலும் அது சொல்லப்பட்டதாகக் கருதப்படாது. மாணவர் தம் காதாலேயே கேட்டிருந்தாலும்…"

பெரியவள் ஃபாரத்தை எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் பென்சிலைக் கடித்துக் கடித்து எழுதியது. தரப்புகளின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"சார், இது நான் எழுதினது. போட்டிக்காக."

"அதேதாம்மா!" அலுவலர் மலர்ந்துபோனார். "வெறும் மெடலைக் குடுத்து அனுப்பிச்சிருவோம்னு நினைச்சீங்களா? அமல்படுத்திட்டோம்ல! மாணவர் எழுதினதை இப்படி மதிக்கற காலேஜ் வேற எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"ஆனா நாங்க சேர்ந்தப்ப இது ஃபாரத்துல இல்லையே?"

"அவ்வப்போது சேர்க்கப்படும் ஷரத்துகள் முன்தேதியிட்டுச் செல்லும். ஷரத்து ரெண்டு. நீங்க கையெழுத்துப் போட்ட அதே ஃபாரம்தான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. அடக்க அடக்க வழிந்தது. அலுவலர் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டு, "அழுகை புகாராகாது," என்று ஞாபகப்படுத்தினார். "எப்படிம்மா இதையெல்லாம் யோசிச்சீங்க? நம்ம வக்கீல்கிட்ட காட்டினோம். மூணு நாள் உக்காந்து ஓட்டை தேடினார், ஒண்ணும் கிடைக்கல. இதை எழுதின ஆளை வெளிய மட்டும் விட்டுராதீங்கன்னுட்டார். அதான் உங்களுக்கு இங்கயே வேலை."

வேலையின் பெயர் ஒப்புதல் பெறும் அலுவலர். அதாவது அடுத்த சேர்க்கைக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது. நாற்பது பேருக்கும் அதுதான். ஒரே ஒரு மாதம், நாற்பது கவுன்ட்டர், நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு. பணி ஆணை இருபத்திரண்டு பக்கம் இருந்தது. கவுன்ட்டரில் மூன்று வார்த்தை மட்டும் பேசலாம்: வாங்க, இங்கே, வாழ்த்துகள். நான்காவது வார்த்தை வாயிலிருந்து வந்தால், இரண்டு வருஷமும் படிக்காதவராகக் கருதப்படுவார். வருகிறவர் பதினான்கு பக்கத்தில் ஒன்றை விட்டாலும் ஃபாரம் செல்லாது, அதனால் கவனம் தேவை. இந்த முறை பெரியவள் இருபத்திரண்டு பக்கமும் வரி விடாமல் படித்தாள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எடைமேடையில் அவள் இடத்தில் வேறு ஆள் வந்து வருஷம் இரண்டாகியிருந்தது.

வீட்டு வாசலிலேயே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். "என்னக்கா, கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எங்க? எங்க?"

"காலேஜ்லயே. ஒப்பந்தப் பிரிவுல."

சின்னவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லத்தான் வந்தாள் பெரியவள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவமானமாக இருந்தது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். எதை வைத்து என்று கேட்டால், நான் எழுதிக் கொடுத்ததை வைத்து என்றா சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாள் சின்னவள், பேசிக்கொண்டபடியே, தொழிற்சாலையில் கணக்கை முடித்துக்கொண்டு வந்து கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு பாட்டுப் பாடினாள். அந்தப் பாட்டை நிறுத்த மனசு வரவில்லை. இப்படியே பத்து நாள் ஓடியது.

பதினோராம் நாள் காலை, கவுன்ட்டருக்கு முன்னால் நின்ற வரிசை நகர, ஒரு பெண் கையில் கோப்போடு வந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தால் சின்னவள்.

"வாங்க," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்னக்கா 'வாங்க'ன்றே? ரொம்பத்தான்!" என்று சிரித்தாள் சின்னவள். கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். மெடலோடு பெரியவள் படம், கீழே 'சாதனையாளர் குடும்பத்துக்கு முன்னுரிமை'. "வீட்டுக்கு வந்துச்சு. உனக்குத் தெரியாம வந்து நிக்கணும்னு இருந்தேன். நீ ரெண்டு வருஷம் படிச்சே, நான் பாத்துக்கிட்டேன். இப்ப நான் படிக்கறேன், நீ பாத்துக்கோ. என்ன, கசக்குதா?"

பின்னால் நின்ற சேர்க்கை அலுவலர் நெகிழ்ந்துபோனார். "குடும்பமே வணிகச் சட்டமா! பிரமாதம்!" என்று ஃபாரத்தை அவரே எடுத்துச் சின்னவள் முன்னால் வைத்தார்.

எடைமேடையில் உட்கார்ந்திருந்த பெரியவளாக இருந்தால், அந்த ஃபாரத்தைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டு, எந்திரிடி, வீட்டுக்குப் போ என்றிருப்பாள். வேறொன்றும் தேவையில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இவள் இரண்டு வருஷம் படித்தவள் ஆயிற்றே. அப்படிச் சொல்ல எந்த ஷரத்தில் இடமிருக்கிறது என்று மேஜையடியில் பணி ஆணையைப் புரட்டத் தொடங்கினாள். ஷரத்து ஒன்பது, உறவினருக்கு அறிவுரை: கூடாது. பதினாறு, சைகை: பேச்சாகவே கருதப்படும். பத்தொன்பது, இருமல், கனைப்பு: அதே. இருபத்திரண்டு பக்கமும் தேடினாள். ஒரு சந்து இல்லை. அவளிடமிருந்தே கற்றுக்கொண்டு எழுதியிருந்தார்கள்.

இதற்குள் சின்னவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, தையல் போடுவது போல ஒரே சீராகப் போட்டாள்.

"இதையெல்லாம் படிக்கணுமாக்கா?" என்று இடையில் ஒருமுறை கேட்டாள். பதில் வராததைப் பார்த்து அவளே சொல்லிக்கொண்டாள். "நீ எழுதினதுன்னு லெட்டர்லயே போட்டிருந்தான். அப்புறம் நான் என்ன படிக்கறது."

கடைசிப் பக்கத்தையும் முடித்து ஃபாரத்தைத் தள்ளினாள். "எல்லாத்துலயும் போட்டுட்டேனா, பாரு."

பெரியவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் சரி. ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் திரும்பியிருக்கின்றன. எட்டில் கையெழுத்து இல்லை. அலுவலர் அடுத்த கவுன்ட்டருக்குப் போய்விட்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. ஒன்றும் பேசாமல் மூடி வைத்தால் போதும், அந்த ஃபாரம் செல்லாது.

"இங்கே," என்றாள் பெரியவள். பத்து நாள் பழக்கம். வார்த்தை வெளியே போன பிறகுதான், அது என்ன வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது.

"நல்லவேளை பாத்தே," என்று சொல்லிவிட்டு, சின்னவள் குனிந்து அந்தப் பக்கத்திலும் கையெழுத்தைப் போட்டாள்.